கோயில் மேட்டுப் பெட்டி சொன்ன பதில்

அக்கா செத்த பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. பெற்ற மகளையே பொய் சொல்லிக் கொன்றவள் என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசிக்கொண்டார்கள். என் காதிலேயே விழுந்தது. எனக்கு வாய் நீளம், தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா சொன்ன பொய் பாதிக் காரணம்கூட இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். மீதிப் பொய்யைச் சொன்னது நான் எழுதிய ஒரு புரோகிராம்.

அதை விளங்கப்படுத்த முதலில் பெரட்டைச் சொல்ல வேண்டும். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எல்லோரும் களத்தில் கூடி நிற்பார்கள். மலைகளில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டபோது பதில் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலி இல்லை. கைப்பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த நேரத்துக்குக் களத்தில் நிற்க முடியாது, ஏனென்றால் பிள்ளைக்காம்பராவைத் திறப்பதும் அதே நேரத்துக்குத்தான். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் பக்கத்தில் நிற்கிறவள் "வந்துட்டாய்யா" என்று குரல் கொடுப்பாள். கண்டாக்கையாவுக்கும் தெரியும். குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. பிள்ளையை விட்டுவிட்டு அந்தப் பெண் குறுக்குப் பாதையில் ஓடி, கொழுந்தை நிறுக்கும் முதல் நிறுவைக்கு முன்னால் மலையில் நிற்பாள். அவளுக்காகச் சொன்னவளின் வாக்கு கெட்டுப்போக விடமாட்டாள். இந்த வேலையில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஒரே பெரட்டில் நாலு பேருக்கு நாலு குரலில் பதில் சொல்வாள். அக்கா அதை அப்படியே நடித்துக் காட்டுவாள், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

நான் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்பு படித்தேன். கடைசி வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாடம், ஒரே செய்தியை ஒரே தடவையில் பல இடங்களுக்கு அனுப்புவதும், அது ஒரு இடத்தையும் விடாமல் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிப்படுத்துவதும். அனுப்புவது சுலபம். உறுதிப்படுத்துவதில்தான் வம்பு. வாங்கிய இடமெல்லாம் "கிடைத்தது, கிடைத்தது" என்று ஒரே நேரத்தில் பதில் அனுப்பினால் அனுப்பியவன் அந்தக் கூச்சலிலேயே மூழ்கிப்போவான். இதற்கு ஒரு வழி இருந்தது. நடுவழியில் இருக்கும் ரவுட்டர் சாதாரணமாகத் தபால்காரரைப் போல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடத்திவிடும். அதற்குக் கொஞ்சம் புத்தி கொடுத்தால், செய்தியில் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கீழே யாருக்காவது கிடைக்காவிட்டால் தலைமை இடம்வரை போகாமல் அங்கிருந்தே மறுபடி அனுப்பும். வருகிற பதில்களை எல்லாம் சேர்த்து ஒரே பதிலாக மேலே சொல்லும். ஆக்டிவ் ரவுட்டர் என்பார்கள். எனக்கு அதன்மேல் பைத்தியம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்கா தலையணையால் காதை மூடிக்கொள்வாள்.

படிப்பு முடிந்து கொழும்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, ஒத்துவராமல் திரும்பி வந்து கொட்டகலையில் ஒரு கணினி வகுப்பு நடத்தினேன். அப்போதுதான் ஒரு நிவாரண அமைப்பு எங்கள் தோட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கைச் சைரன் வைத்துத் தர முன்வந்தது. யார் செய்வது என்று பேச்சு வந்தபோது, நம்ம பிள்ளையே இருக்கிறதே என்று தோட்டக் கமிட்டி என்னைக் காட்டிவிட்டது. பெருமை தலைக்கேறத்தான் செய்தது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான எட்டு லயத்துக்கும் எட்டுச் சைரன் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூரிய மின் தகடு, ஒரு பேட்டரி. பொத்தான் ஃபெக்டரி ஆபீசில். ஆபீசிலிருந்து எல்லா லயமும் ரேடியோவுக்குத் தெரியாது, மலை மறைக்கும். கோயில் மேட்டிலிருந்து எட்டும் தெரியும். அதனால் அங்கே நடுப்பெட்டி ஒன்றை வைத்தேன்.

முதல் பரீட்சையில் சந்தி சிரித்தது. எட்டு லயமும் ஒன்றாகப் பதில் சொல்லி, ஒன்றோடொன்று மோதி, ஆபீஸ் திரையில் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி அடித்தன. "கோயில் திருவிழாவுக்குப் போட்ட பல்பா மிஸ் இது?" என்று கண்டாக்கையா கேட்டார். நான் கோயில் மேட்டுப் பெட்டிக்கு என் கடைசி வருஷப் படிப்பை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிரதி வைத்துக்கொள், கிடைக்காத லயத்துக்கு நீயே திரும்ப அனுப்பு, எட்டுப் பேரும் சொன்ன பிறகு மேலே ஒரே பதில் சொல். சொன்னபடி செய்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அமைப்புக்காரர்கள் பார்வையிட வந்த அன்றைக்குக் கடும் மூடுபனி. கீழ் லயம் பள்ளத்தில், டர்பன்டைன் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து பதில் வர நேரம் எடுத்தது. ஏழு பேர் சொல்லியும் ஒரு ஆளுக்காக நடுப்பெட்டி காத்துக்கொண்டு நின்றது. திரையில் மஞ்சள். வந்தவர்களில் ஒருவர் கையைத் திருப்பி மணியைப் பார்த்தார். தோட்ட மனேஜர் பெரிய தொரை என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. அன்று சாயங்காலமே மூன்று வரியை மாற்றினேன். செய்தியின் பிரதி உன் கைக்கு வந்துவிட்டதா, உடனே எட்டு லயத்துக்காகவும் நீயே "கிடைத்தது" என்று சொல்லிவிடு, பிறகு கிடைக்காத லயத்துக்கு விடாமல் அனுப்பிக்கொண்டே இரு. எப்படியும் கொண்டு சேர்க்கத்தானே போகிறாய், முன்கூட்டிச் சொன்னால் என்ன? தினமும் காலையில் லயப் பெட்டிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று ஆபீஸ் கேட்கும் கேள்விக்கும் அதே பதில்தான்.

அந்த யோசனை எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சொன்னேன்.

"அம்மா, ஒங்க பெரட்டு வேலையத்தான் அந்தப் பொட்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கீழ வர்றவங்களுக்காக அதுவே வந்துட்டாங்கன்னு சொல்லிரும்."

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே சிரித்தாள். அக்கா விடவில்லை. "அப்ப செக்ரோல்ல அதுக்கும் ஒரு பேரு போடச் சொல்லுடி. நம்ம அம்மாவாவது கொழுந்து பறிக்குது, அது சும்மா மேட்டுல குந்திக்கிட்டு இருக்கு."

அக்கா இருந்தது கீழ் லயத்தில்தான். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். பிள்ளை இல்லை, நாலு கோழி வைத்திருந்தாள். நான் அவள் லயத்தில் சைரனைப் பரீட்சை பார்த்த அன்றைக்கு விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "எழவெடுத்தவளே, என் கோழி இன்னும் ஒரு வாரத்துக்கு முட்ட போடாதுடி! இந்தக் கத்தலுக்குச் செத்தவனும் எந்திரிச்சு ஓடுவான்." நான் அவளை வம்புக்கு இழுக்க இன்னொரு தடவை அடித்துக் காட்டினேன்.

அந்த மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஐந்து நாளும் வெயில் என்ற பேச்சே இல்லை. கந்தப்பளைப் பக்கமும் உடப்புசல்லாவைப் பக்கமும் பாதை அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கொட்டகலைக்கு பஸ் ஓடாததால் நான் வகுப்புக்குப் போகவில்லை, ஆபீசுக்கு வந்து திரைக்கு முன்னால் உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்ததால் பெரட்டு வைத்து ஆட்களை ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள். கொழுந்து முற்றிவிடுமாம். மனுஷர் மண்ணுக்குள் போனாலும் கொழுந்து முற்றக்கூடாது.

ஒன்பது மணிக்கு மாவட்டத்திலிருந்து போன் வந்தது. எங்கள் பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை, எல்லோரையும் மேட்டிலுள்ள பாடசாலைக்கு ஏற்றுங்கள் என்றார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். மூச்சு விடும் நேரத்தில் எட்டு விளக்கும் பச்சையானது. மேல் லயத்தின் சைரன் சத்தம் ஆபீஸ் வரை கேட்டது.

சைரன் வருவதற்கு முன்பெல்லாம் இப்படி ஏதாவது என்றால் தப்பு மேளம் அடிக்கிறவர் ஒருவர் லயம் லயமாக இறங்கிப் போய் அறிவிப்பார். அன்றைக்கும் அந்த மனிதர் பழக்கத்தில் தப்பைத் தூக்கிக்கொண்டு, தலையில் மழைக்குப் படங்குச் சீலையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கண்டாக்கையா அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ், எதுக்கும் கீழ் லயத்துக்கு மட்டும் இவர எறக்கவா?"

"எதுக்குங்கய்யா? திரையப் பாருங்க, எட்டும் பச்ச. செய்தி போயிருச்சு. இந்த வழுக்கல்ல அவர எறக்கிக் கால ஒடிக்கப் போறீங்களா?"

"நீங்க சொன்னா சரிங்க மிஸ்."

தப்புக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாருக்கணும் மிஸ், எனக்கு முட்டிக்கால் வலி" என்றார். கீழ் லயத்துக்கு இறங்க இருபது நிமிஷம். மலை சரிந்தது நான் அப்படிச் சொல்லி ஒரு மணி நேரம் கழித்து.

நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தோம். பெரிய லொறியில் கருங்கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தால் டர்பன்டைன் மரங்களைக் காணோம். கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் பாதைவரைக்கும் இறங்கிக் கிடந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அலறினார்கள். கண்டாக்கையா சத்தம் போட்டு எல்லோரையும் உட்காரவைத்துச் செக்ரோல் புத்தகத்தை விரித்தார். கீழ் லயத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கணக்குப் பார்த்தார். பிள்ளைகள் பாடசாலையிலும் பிள்ளைக்காம்பராவிலும் இருந்தார்கள். வேலைக்குப் போனவர்கள் ஏழாம் நம்பர் மலையில். அவர்களோடு போன கங்காணிக்குப் போன் போட்டால், "எல்லாரும் கூடத்தான் வாராங்கய்யா, பாதை முறிஞ்சதால சுத்தி வாரோம்" என்றார். அக்காவின் பெயருக்கு நேரே பெரட்டில் போட்ட கோடு இருந்தது. லயத்தில் இருந்ததாகக் கணக்கில் உள்ளவர் ஒரே ஒரு கிழவர். அவரோ எங்கள் கண்முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு உசுருக்கும் சேதமில்ல!" என்று கண்டாக்கையா புத்தகத்தை மூடினார். "மிஸ், ஒங்க பொட்டி காப்பாத்திருச்சு." யாரோ கை தட்டினார்கள். ஒரு பெண் வந்து என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

நான் கிழவரிடம் போய்த் தேத்தண்ணியைக் கொடுத்தேன். "சைரன் கேட்டதும் ஏறிட்டீங்களா தாத்தா?"

"சைரனா? நான் ஒண்ணும் கேக்கலையே ஆயி. ஒம்பதரை வரைக்கும் லயத்துலதான் இருந்தேன், தலவலின்னு மாத்திர வாங்கக் கடைக்கு வந்தேன், அங்க இருந்தவங்க இங்க கூட்டியாந்துட்டாங்க. இந்தா, மாத்திர."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கீழ் லயத்துச் சைரன் அடிக்கவே இல்லை. அதன் தகடு பள்ளத்தில் மர நிழலில் கிடப்பது, ஐந்து நாள் வெயிலும் இல்லாமல் பேட்டரி செத்திருக்கிறது. கோயில் மேட்டுப் பெட்டி அதற்காகவும் பதில் சொல்லியிருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்தபடி.

அந்த இடத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஐயா, கீழ் லயத்துக்கு எச்சரிக்கை போகவில்லை, இன்னொரு தடவை நன்றாக எண்ணுங்கள், யாரையும் நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லோரும் கணக்கில் இருக்கிறார்கள்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, சாயங்காலம் போய்ச் சத்தமில்லாமல் அந்த மூன்று வரியை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கன்னத்தைத் தடவிய பெண்ணின் கை ஈரம் இன்னும் முகத்தில் இருந்தது. நான் கிழவரின் கோப்பையை வாங்கி இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஏழாம் நம்பர் ஆட்கள் சுற்றி வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. அம்மா சேற்றோடு உள்ளே நுழைந்ததும் தலை தலையாகப் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"எங்கடி அக்கா?"

"ஒங்களோட மலையில இல்லையா?"

"அவளுக்கு ராவெல்லாம் பல்லு வலி. மாத்திரயப் போட்டுக் கொஞ்சம் படு, தேத்தண்ணி நேரத்துக்கு மலைக்கு வந்துருன்னேன். பெரட்டுல நாந்தான் வந்துட்டான்னு சொன்னேன்." அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒன் பொட்டி கத்தியிருக்கும்ல? அவ ஏறி வந்திருப்பால்ல? எங்க உக்கார வச்சிருக்க?"

என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, கையை விட்டுவிட்டுக் கண்டாக்கையாவிடம் ஓடினாள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். "ஐயா, நான் பொய் சொன்னேன்யா! எம் மக மலைக்கு வரல. லயத்துல படுத்திருக்காய்யா. நாந்தான் வந்துட்டான்னு சொன்னேன்!"

ஆண்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தப்புக்காரரும் முட்டிக்கால் வலியோடு ஓடினார். நானும் போனேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தோண்டத் தோண்ட மேலேயிருந்து மண் வழிந்தது.

இரண்டு மணிக்கு அக்காவை எடுத்தார்கள். கூரைத் தகரம் சுவரில் சாய்ந்து, மூலையில் ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே மண் முழுக்கப் போயிருக்கவில்லை. அவள் உடம்பில் பெரிய காயம் ஒன்றுமில்லை. பல் வலிக்காகத் தாடையைச் சுற்றிக் கட்டிய துணி அப்படியே இருந்தது. நகங்களில் மட்டும் மண் ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் யாரிடமும் நான் கேட்கவில்லை. அந்த நாற்பது நிமிஷம் போதுமாக இருந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம்.

கோயில் மேட்டுப் பெட்டியின் பதிவை மறுநாள் எடுத்துப் பார்த்தேன். அது ஒன்றையும் மறைக்கவில்லை. கீழ் லயம் பதில் இல்லை, கீழ் லயம் பதில் இல்லை என்று மூன்று நாளாக வரிசையாக எழுதி வைத்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கேட்க வேண்டாம் என்று ஏற்பாடு செய்தவள் நான். அன்று காலை ஒன்பது மணியிலிருந்து அது விடாமல் அக்காவின் லயத்துக்குச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தது. லயம் மண்ணுக்குள் போன பிறகும் அனுப்பியது. நான் போய் நிறுத்தும்வரை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

விசாரணைக்கு அறிக்கை கேட்டார்கள். தொடர் மழையால் சூரிய மின்சாரம் கிடைக்காமல் கீழ் லயத்துப் பேட்டரி செயலிழந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அவர்களும் மறுபேச்சுக் கேட்கவில்லை. கண்டாக்கையாவுக்கு விளக்குகள் பச்சையாக இருந்தது நினைவிருந்தது. ஒரு நாள் என்னிடம் கேட்டார். மெஷின் வேலை, சில நேரம் அப்படித்தான் காட்டும் என்றேன். படித்த பிள்ளை சொன்னதால் தலையாட்டிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க ஒன்றுமில்லை. அத்தனை பேர் முன்னாலும் தன் வாயால் சொல்லிவிட்டாளே. அன்றிலிருந்து பெரட்டில் அவரவர் பெயருக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும், கையைத் தூக்கிக் காட்டவும் வேண்டும் என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைக்காரிகளுக்குப் பேர் போக ஆரம்பித்தது. அந்தக் கோபமும் அம்மா தலையில்தான் விழுந்தது. யாருக்காகக் குரல் மாற்றி மாற்றிப் பதில் சொன்னாளோ, அவர்களே களத்தில் அவள் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்றார்கள். அம்மா தன் பெயருக்குக் கையை மட்டும் தூக்கிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போவாள்.

அத்தான் அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டார். சாவு வீட்டில் ஒரு வார்த்தை சொன்னார். "அவ ஒரு நாள் பேருக்காக எம் பொண்டாட்டிய முடிச்சிட்டீங்களே அத்த." அவ்வளவுதான். அம்மா அதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள். நான் பக்கத்தில் பூவைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனியன், அந்தப் பூவைக்கூட ஒழுங்காகக் கிள்ளினேன்.

புரோகிராமை நான் மாற்றிவிட்டேன். இப்போது கோயில் மேட்டுப் பெட்டி யாருக்காகவும் முந்திக்கொண்டு பதில் சொல்லாது. ஒரு லயம் பேசாவிட்டால் அந்த விளக்கு சிவப்பாகவே கிடக்கும், ஆள் போய்ப் பார்க்க வேண்டும். மழை நாளில் பாதி விளக்கு சிவப்பு. மெஷின் முந்தி நல்லாத்தானே ஓடியது, இப்போது ஏன் இப்படி என்று ஆபீசில் முணுமுணுக்கிறார்கள்.

வருஷ திவசத்துக்கு அத்தான் வந்தார். அம்மாவுக்காக வரவில்லை, படத்துக்கு மாலை போட வந்தார். வீட்டு வாசலில் இஸ்தோப்புத் திண்ணையில் செருப்பைக் கழற்றியவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பிடித்த மாசிச் சம்பலையும் சோற்றையும் வைத்துவிட்டு, அவரைச் சாப்பிடக் கூப்பிடத் தைரியம் இல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் வீட்டில் தான் சமைத்த சோற்றுக்கு முன்னால் திருடியைப் போல நின்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பதிவைத் திறந்து காட்டினேன். மூன்று வரியை எதற்கு மாற்றினேன், திரையில் எப்படிப் பச்சை வந்தது, கண்டாக்கையா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், கிழவர் மாத்திரையைக் காட்டியது, நான் தேத்தண்ணி ஊற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"ஆள் அனுப்ப வேணாம்னு சொன்னது நீயா?"

"ஆமாங்கத்தான்."

"அந்தக் கெழவர் சொன்னப்பவே ஒனக்குத் தெரியும்?"

"சைரன் அடிக்கலன்னு தெரியும். அக்கா உள்ள இருக்கான்னு தெரியாது."

"தெரியாதுல்ல. சொல்லியிருந்தா தேடியிருப்பாங்கல்ல."

"தேடியிருப்பாங்க."

"எல்லாந் தெரிஞ்சும், அத்தைய ஊரே காறித் துப்ப விட்டுட்டு ஒரு வருஷம் சோறு தின்ன?"

அவர் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய் அம்மாவின் முன்னால் நின்றார்.

"அத்த, பசிக்குது. சோறு போடுங்க."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாழையிலையை நறுக்கினாள். அக்காவின் படத்துக்கு முன்னால் புதிதாக ஒரு இலை போட்டாள். அத்தானுக்கு ஒரு இலை போட்டாள். அவருக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு இலை போட்டுக்கொண்டாள். மிச்ச இலையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் பரிமாற ஆரம்பித்தாள்.

நான் மடிக்கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.